உப்பனாற்றுத் தூணில் இரண்டு தடங்கள்

கண்ணால் கண்டதையும் பதிவுகளோடு ஒப்பிட்டுத் தெளிந்ததையும் மட்டுமே இங்கு எழுதுகிறேன். பாதி பார்த்துவிட்டு நான் முடிவு சொன்ன ஒரு காலைப்பொழுது எனக்கு இந்தக் கட்டுப்பாட்டைத் தந்தது.

கடலூர் முதுநகரில் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படகுத்துறையைப் பற்றி ஆற்றங்கரையில் ஒரு பலகை வைக்க ஊரார் விரும்பினர். அண்ணாமலை நகரில் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்பதால் வாசகம் எழுதும் பணி என்னிடம் வந்தது. கப்பல்கள் கடலிலேயே நங்கூரமிட்டு நிற்க, ஆற்றிலிருந்து படகுகள் சரக்கைக் கொண்டுபோய் ஏற்றின என்பது பதிவுகளில் உள்ளது. மீன்பிடி படகு வைத்திருக்கும் நண்பர், கரையை ஒட்டி நீருக்குள் நின்ற கருங்கல் தூணைக் காட்டினார்.

"எங்க பாட்டன், பூட்டன் எல்லாம் சரக்குப் படக இதுலதான் கட்டுனாங்க. பலகையில அந்த ஒரு வரி வந்துடணும் மாமா."

நீருக்கு மேல் தூணைச் சுற்றி ஒரே ஒரு பள்ளம்தான் தெரிந்தது. "இத வச்சு எழுத முடியாதுப்பா. பழைய வீட்டுத் தூணாக்கூட இருக்கலாம்" என்றேன்.

அவர் முகம் வாடியது. ஆனாலும் கேலி வந்துவிட்டது. "தண்ணிக்குள்ள எவன் மாமா வீடு கட்டுனான்? இப்ப கடல் தண்ணி ஏறிக் கெடக்கு. படிச்சவங்க பாதிக் கல்லப் பாத்துட்டுப் போறீங்க. மத்தியானம் வடிஞ்சப்புறம் வாங்க."

மத்தியானம் செம்மண்டலத்தில் உள்ள என் வீட்டிலிருந்து மறுபடியும் சென்றேன். நீர் ஒரு முழத்துக்கு மேல் இறங்கியிருந்தது. முதல் பள்ளத்துக்குக் கீழே, பாசி படிந்த இரண்டாவது பள்ளம் தூணைச் சுற்றி ஓடியது. நண்பர் தம் படகின் கயிற்றை மேல் தடத்திலிருந்து கழற்றிக் கீழ்த் தடத்தில் மாட்டினார். அது அளவெடுத்தாற்போல் பொருந்தியது.

"தண்ணி வடிஞ்சா கயித்தக் கீழ எறக்கணும். இல்லன்னா படகு தொங்கிடும். வரி வருமா?"

"படகு கட்டுன கல்லுன்னு வரும். உங்க பாட்டன் கட்டுனதுன்னு வராது."

"அது போதும். வேற எவன் பாட்டன் வந்து கட்டுனானாம்!"

பலகை இப்போது அங்கே நிற்கிறது. அந்த வரியைக் கடந்து போகும்போதெல்லாம் அவர் ஒருமுறை நின்று படிக்கிறார். எனக்கும் அதில் மாற்ற ஒரு சொல் இல்லை.

தூணை நட்டவர் யார், எந்த ஆண்டில் நட்டார் என்பது தெரியவில்லை. தடங்களில் சரக்குப் படகுகளின் கயிறு தேய்த்தது எவ்வளவு, நண்பரின் கயிறு தேய்த்தது எவ்வளவு என்பதும் தெரியவில்லை.