மூணாம் ரூம் கதவு

அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆனால் நாவலூர்ப் பக்கம் கண்ணாடிக் கட்டடங்களில் பெரிய படிப்புப் படித்தவர்கள் உட்கார்ந்து ரகசியம் பேசுகிற மீட்டிங் ரூம்களில் பாதி என் கைவேலை. உள்ளே கத்தினாலும் வெளியே கேட்காது. சவுண்ட் புரூஃப் என்றால் தாம்பரத்துக்கும் ஓஎம்ஆருக்கும் நடுவில் அப்போது என்னைத்தான் கூப்பிடுவார்கள். செம்பாக்கத்தில் ஏரி தெரிகிற மாதிரி நான் மாடி வீடு கட்டியதும் அதில்தான். எவன் தயவும் கிடையாது.

ரெண்டாயிரத்துக்கு அப்புறம், தாம்பரம் தாண்டி ஒரு பல்கலைக்கழகத்தில் புதிதாக மியூசிக் டிபார்ட்மெண்ட் ஆரம்பித்தார்கள். பழைய கெமிஸ்ட்ரி லேப் கட்டடம். ஒரு பக்கம் வாய்ப்பாட்டு, வீணை. இன்னொரு பக்கம் பியானோ, வயலின். சர்ச்சில் கொயர் நடத்திப் பழகிய ஒரு மேடம்தான் தலைவர். இங்கே ஒருத்தர் பாடினால் அங்கே பியானோ வாசிக்கிற பிள்ளைக்கு விரல் தடுமாறுகிறது, ஆறு ரூம் வேண்டும், ஒன்றின் சத்தம் ஒன்றுக்குப் போகக் கூடாது என்றார். செய்து கொடுத்தேன். சுவரெல்லாம் பஞ்சு, மேலே துணி, ரெட்டைப் பலகைக் கதவு.

வேலை முடிகிற சமயம் என் ஆட்கள் அந்த ரூம்களுக்குள் உட்கார்ந்து சாப்பிட மாட்டோம் என்று டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்கள். கதவைச் சாத்தினால் காது அடைக்கும். கொஞ்ச நேரம் போனால் நம் நெஞ்சு அடிப்பதே பின்னால் யாரோ நடந்து வருகிற மாதிரி கேட்கும். ஒருத்தன் திரும்பித் திரும்பிப் பார்த்தான். அவனுக்குப் பயம், எனக்கோ பெருமை பிடிபடவில்லை.

மூணாம் ரூம் பாட்டு வாத்தியாருக்கு. ரிடையர் ஆனவர், சிட்லபாக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவார். முதல் நாள் உள்ளே போய் ஒரு வரி பாடிவிட்டு உடனே வெளியே வந்தார்.

"மேஸ்திரி, என் குரல் வாயை விட்டு வந்ததும் யாரோ கையில வாங்கி மறைச்சுக்கற மாதிரி இருக்கு. திரும்பி வரவே மாட்டேங்குது."

"அதுக்குத்தான் சார் செஞ்சது. போன சத்தம் போனதுதான்."

அவர் கதவைத் திறந்து வைத்தே பாட ஆரம்பித்தார். பியானோப் பிள்ளைகள் புகார் சொன்னார்கள். அப்போதுதான் மேடம் ஒரு சட்டம் போட்டார். ஒவ்வொரு கதவுக்கு மேலேயும் சிவப்பு பல்பு. உள்ளே போகிறவர் கதவைச் சாத்தி ஸ்விட்சைப் போட வேண்டும். பல்பு எரிந்தால் யாரும் தட்டக் கூடாது, திறக்கவும் கூடாது. துணைவேந்தரே வந்தாலும் வெளியே நிற்க வேண்டியதுதான். வாத்தியாரும் கட்டுப்பட்டார். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. சுருதிப் பெட்டியை ஓடவிட்டுப் பாடாமல், கண்ணை மூடிச் சும்மா உட்கார்ந்திருப்பார், முக்கால் மணி நேரம்கூட. பல்பு எரிந்து, உள்ளே சுருதி ஓடினால் சார் சாதகத்தில் இருக்கிறார் என்று அர்த்தம். அந்த டிபார்ட்மெண்டில் எல்லாருக்கும் இது தெரியும்.

பரீட்சை சமயத்தில் ஒரு மத்தியானம். அதே கேம்பஸில் லைப்ரரிக்கு சீலிங் போட்டுக்கொண்டிருந்தேன். மேடம் போன் பண்ணினார். "மேஸ்திரி, மூணாம் ரூம் கதவுல சத்தம் லீக் ஆகுது. பக்கத்து ரூம்ல பியானோ எக்ஸாம் ரெக்கார்டிங் ஓடுது. டொக் டொக்னு கேக்குது. உடனே வாங்க."

என் கதவில் லீக்கா? ரப்பர் பட்டையும் பசை டின்னும் எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று போனேன்.

வராந்தாவில் வாத்தியாரிடம் படிக்கிற ஒரு பொண்ணு மட்டும் தரையில் நோட்டோடு உட்கார்ந்திருந்தது. கதவுக்கு மேலே சிவப்பு எரிந்தது. குனிந்து பார்த்தேன். அடியில் நூல் கனத்துக்கு ஒரு இடைவெளி. அதன் வழியாகச் சுருதி ஈ மாதிரி ரீங்காரம் போட்டது. நடுவில் அந்த டொக். கதவின் அடிப்பலகையில்.

"அண்ணா, சார் உள்ள தாளம் போடறாரா?"

"போடுவார். வேற இன்னா?"

"இது ஆதியும் இல்ல, ரூபகமும் இல்ல. மூணு தட்டு, அப்புறம் சும்மா, அப்புறம் ஒண்ணு. சார் தூக்கத்துலகூட தாளம் தப்ப மாட்டார்ணா."

"எனக்குப் பாட்டு கத்துக்குடுக்கறியாம்மா? நோட்டைப் பாரு."

பசை தடவினேன். இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை பட்டையை அழுத்திக்கொண்டே போனேன். சுருதி தேய்ந்தது. டொக் தேய்ந்தது. கடைசி அங்குலம் மிச்சம் இருக்கும்போது, "இனிமே எறும்பு நடந்தாக்கூட கேக்காது" என்றேன். அதையும் அழுத்தியதும் இரண்டும் அறுந்த மாதிரி நின்றுபோனது. எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "கேக்குதா இப்போ?" என்றேன்.

அது கதவில் காதை வைத்தது. "கேக்கல." பிறகு கீழே உட்கார்ந்து அடிப்பலகையில் உள்ளங்கையை வைத்தது. அப்படியே இருந்தது.

"அண்ணா... கையில தெரியுது."

நானும் கை வைத்தேன். முட்டைக்குள் குஞ்சு அசைகிற மாதிரி, மரத்துக்குள் ஒன்று அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது.

அந்தப் பொண்ணு சிவப்பு பல்பைப் பார்த்தது. கைப்பிடியைப் பிடித்தது. அதன் கையை நான் பிடித்துத் தடுத்தேன். இப்போதும் எழுதக் கூசுகிறது. "பசை காயட்டும்மா, பத்து நிமிஷம்" என்றேன்.

"விடுண்ணா!" என்று உதறிவிட்டு இழுத்தது. ஒட்டிய பட்டை பிய்த்துக்கொண்டு வந்தது. கதவு வெளிப்பக்கம் திறந்ததும், அதில் சாய்ந்திருந்த ஒரு கை நிலைப்படிக்கு இந்தப் பக்கம் விழுந்தது. விரல் மடங்கித் தரையை இன்னும் தட்டிக்கொண்டிருந்தது. பின்னால் சுருதிப் பெட்டி ஒன்றும் நடக்காத மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

ஸ்ட்ரோக். ஒரு பக்கம் விழுந்துவிட்டது. எழ முடியாமல் கதவு வரை தரையில் தேய்த்துக்கொண்டே வந்திருக்கிறார். கூப்பிட வாய் வரவில்லை. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எல்லாரும் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நல்லவேளை மேஸ்திரி அங்கே இருந்தார் என்றார் மேடம். அந்தப் பொண்ணு என்னையே பார்த்தது. நான் பதிலுக்கு எல்லாரையும் கும்பிட்டேன்.

இரண்டு மாசம் கழித்துச் சிட்லபாக்கம் போனேன். வாத்தியாருக்குப் பாட்டு போய்விட்டது. பேச்சு மட்டும் ஒவ்வொரு வார்த்தையாக வந்துகொண்டிருந்தது. அவர் சம்சாரம் காபி எடுக்க உள்ளே போனதும் என்னைப் பக்கத்தில் வரச் சொன்னார்.

"தரையில... கிடந்தேனா. நீங்க பேசினது... எல்லாம் கேட்டுது. எறும்பு... வரைக்கும்." மூச்சு வாங்கினார். "அப்புறம்... ஒண்ணும் இல்ல. அவ்ளோ அமைதி... நான் கேட்டதே இல்ல. நல்ல வேலை... மேஸ்திரி."

அவருக்கு வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. சிரிக்கிறாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.