புளியங்கொட்டையில் ஓடிய மொழி

அண்ணனைப் பற்றி எழுதித் தரும்படி மதினி கேட்டு மாதங்கள் ஆகிவிட்டன. தலைத்திவசம் நெருங்கிய பிறகுதான் உட்கார்ந்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால், அலுப்பாக இருக்கிறது. சாவு வீட்டில் துட்டி கேட்க வந்தவர்கள் எல்லாரும் தங்கச்சி என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "அண்ணாச்சி பெரிய ஆராய்ச்சியெல்லாம் செஞ்சாகளாமே, என்னத்தக் கண்டுபிடிச்சாக?" சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது. அதை ஒருமுறை எழுதி வைத்துவிட்டால் பிறகு யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

அண்ணன் பிறந்தது முக்கூடலில். பாளையங்கோட்டையில் கணிதம் படித்தார். பம்பாயில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தபோது, கம்ப்யூட்டர் என்ற சொல்லையே இங்கே யாரும் கேட்டதில்லை. ஓர் அறையை அடைத்துக்கொண்டு நின்ற அந்த இயந்திரத்துக்கு மனிதர்கள் கட்டளை எழுதும் மொழிகளைப் பற்றித்தான் அவருடைய ஆராய்ச்சி. எழுதுகிறவர் தவறு செய்தால் மொழியே தடுத்து நிறுத்த வேண்டும் என்பார். அப்படி ஒரு மொழியைப் பாதி உருவாக்கியிருந்த சமயத்தில் அப்பா பக்கவாதத்தில் விழுந்தார். ஒரு வருஷம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தவர், திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் கணித ஆசிரியராகி, தச்சநல்லூரில் வீடு பார்த்து, இங்கேயே தங்கிவிட்டார். "திரும்பிப் போயிருக்கலாம்லா?" என்று நான் கேட்காத நாளில்லை. "போகலாம் ட்டி, பைய போகலாம்" என்பார்.

மொழியை ஓட்டிப் பார்க்க இங்கே கம்ப்யூட்டருக்கு எங்கே போவது? எங்களை வைத்து ஓட்டினார். சாயங்காலம் கூடத்தில் டம்ளர்களை வரிசையாக வைப்பார். ஒவ்வொரு டம்ளரும் இயந்திரத்தின் நினைவில் ஓர் இடம். உள்ளே கிடக்கும் புளியங்கொட்டைகள்தாம் எண். அண்ணன் கட்டளையை வாசிக்க வாசிக்க, மதினியும் நானும் கொட்டைகளை எடுத்து மாற்றிப் போட வேண்டும். கடைசி டம்ளரில் விடை வரும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு கத்திவிட்டு வரும் எனக்கு இடுப்பு ஒடிந்துவிடும். "இதுக்குப் பேரு ஆராய்ச்சியாக்கும்!" என்று முணுமுணுப்பேன். "கம்ப்யூட்டர் பேசக்கூடாது ட்டி" என்பார்.

ஒருமுறை விடையில் ஒன்று கூடியது. மறுநாள் ஓட்டினால் சரியாக வந்தது. அடுத்த வாரம் மறுபடியும் ஒன்று கூடியது. அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. மொழியில்தான் பிழை என்று முடிவு கட்டி, எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதக் கிளம்பிவிட்டார். அப்போதுதான் மதினி வாயைத் திறந்தார்.

"நாந்தாங்க ஒண்ணு போட்டேன். வெள்ளிக்கிழமையும் அதுவுமா, விளக்கேத்துற நேரத்துல ஒரு டம்ளரு காலியா கிடக்கு. மனசு கேக்கலை."

வீடு ரெண்டுபடப் போகிறது என்று பயந்தேன். அண்ணன் மதினியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்துவிட்டார். "நல்ல மனசோட செஞ்சாலும் சொல்லாம செஞ்சா கணக்கு கெட்டுப்போகும்லா?" என்றார்.

கட்டளையில் சொல்லாமல் எந்த இடத்தையும் எதுவும் தொட முடியாதபடி மொழியைத் திருத்தினார். அண்ணன் கண்டுபிடித்தது அதுதான். வெளிநாட்டு இதழ் ஒன்றில் கட்டுரையாக வந்தது. இரண்டொருவர் பாராட்டி எழுதினார்கள். அதற்குள் வேறு மொழிகள் உலகத்தைப் பிடித்துக்கொண்டன. அண்ணனின் மொழியில் எழுதியவர் அண்ணன் ஒருவர்தான். "ஒரே ஒரு தடவை நிஜ மெஷின்ல ஓடிப் பாத்துட்டா போதும்" என்பது மட்டும் கடைசிவரை அவர் வாயில் இருந்தது.

ஓய்வு பெற்ற பின், இந்தத் தொண்ணூறுகளில்தான் அந்தக் கல்லூரிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அண்ணனுக்கு அப்போது சிறுநீரகம் கெட்டிருந்தது. மதுரை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்ததில் மூன்று பேருமே நோயாளிகளாகிவிட்டோம். அவரிடம் படித்து பெங்களூரில் வேலை பார்க்கும் மாணவி ஒருத்தி, அந்த மொழியைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி எழுதி முடித்து, வாடகைக் காரில் ஒரு கம்ப்யூட்டரையும் வீட்டுக்கே கொண்டுவந்தாள். அண்ணனைத் தலையணையில் சாய்த்து உட்கார வைத்தோம். அவள் பொத்தானைத் தட்டிய கையை எடுப்பதற்குள் விடை வந்து நின்றது.

"சரியா இருக்கா சார்?"

அண்ணன் திரையையே பார்த்தார். "இது நம்ம கூடத்துலயே வந்த விடைதானம்மா" என்றார். எங்கள் பக்கம் திரும்பி, "ரெண்டு பேரும் சரியாத்தான் போட்டிருக்கிய" என்றார். எனக்கு அழுகை தாங்கவில்லை. "அணைச்சிரும்மா, அசதியா இருக்கு" என்று கண்ணை மூடிக்கொண்டார். அந்த மாதமே போய்விட்டார்.

அந்த மாணவிக்கும், எந்நேரம் கூப்பிட்டாலும் கார் கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும், அஸ்தியோடு பாபநாசம் வரை வந்த சொந்தங்களுக்கும் நாங்கள் என்றைக்கும் கடன்பட்டவர்கள். மதினிக்கு நன்றி என்று எழுதினால் திட்டுவார். அதனால் நான் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். அண்ணனைத் தூக்குவதற்கு முன், விரிந்து கிடந்த அவர் கையில் மதினி எதையோ வைத்து விரல்களை மடக்கினார். காசு என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். ஒரு புளியங்கொட்டை.

"வெறுங்கையா போக வேண்டாம்" என்று அவர் காதோரம் குனிந்து சொன்னார். "இந்தத் தடவ சொல்லிட்டுத்தாங்க வைக்கேன்."