பிஸ்டனுக்கு விட்ட எண்ணெய்

பெண் காவலர் பயிற்சியில் சுடும் தேர்வில் முதல் முறை தோற்றபோது எனக்கு இருபத்தாறு வயது. இன்னும் ஒரு வாய்ப்புதான், அதிலும் தவறினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். மறுபடி தேர்வெழுதி வர வயது வரம்பு இடம் கொடுக்காது. திரும்பிப் போனால் திருப்பூரில் அதே பனியன் கம்பெனி, அதே ஓவர்லாக் மெஷின், ஒன்பது வருடம் என் முதுகை ஒடித்த அதே ஸ்டூல். செத்தாலும் அங்கே போகக் கூடாது என்றிருந்தேன்.

எங்களுக்குக் கொடுத்தது எஸ்.எல்.ஆர். துப்பாக்கி. ஒவ்வொரு முறையும் விசையை இழுப்பது மட்டும்தான் நம் வேலை. காலிக் கூட்டை வெளியே எறிந்து அடுத்த தோட்டாவை ஏற்றுவதை அதுவே பார்த்துக்கொள்ளும். தோட்டா வெடித்ததும் மருந்து எரிந்த வாயு குண்டைத் தள்ளிக்கொண்டு குழாயில் ஓடுகிறது. குழாயின் மேற்புறத்தில் ஒரு சின்னத் துளை. குண்டு அதைத் தாண்டியதும் வாயுவில் கொஞ்சம் அந்த வழியாக ஏறி ஒரு பிஸ்டனை அடிக்கும். பிஸ்டன் பின்னால் போய் பிரீச் பிளாக்கை இடிக்கும். அந்த இரும்புக்கட்டை பின்வாங்கும்போது காலிக் கூட்டை இழுத்து எறியும், ஸ்பிரிங் அதை முன்னால் தள்ளும்போது அடுத்த தோட்டாவைக் கூட்டிக்கொண்டு போகும். கண் இமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அடி கொஞ்சம் பலவீனமாக விழுந்தாலும் கட்டை பாதி வழியில் நின்று கூடு சிக்கிக்கொள்ளும்.

எனக்கு நான்காவது குண்டில் சிக்கியது. குன்னத்தூர்க்காரி ஒருத்திக்கும் அப்படியே. "கை தளர்வு. தோள்ல இறுக்கிப் புடிக்கறதில்ல" என்றார் பயிற்சி ஏட்டையா. நானும் நம்பினேன். ஒரு வாரம் சுவரில் தோளை முட்டி முட்டிப் பழகினேன். கழிவறைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

அந்தக் குன்னத்தூர்ப் பெண் எனக்குப் பக்கத்துக் கட்டில்காரி. இருபது வயது. தோட்டத்து வீட்டுப் பிள்ளை, மாட்டையும் மண்வெட்டியையும் தவிர எதையும் தொட்டதில்லை. துப்பாக்கியைப் பிரித்துப் போட்டால் எதை எங்கே மாட்டுவது என்று விழிப்பாள். நான்தான் மெஷின் தெரிந்தவள் ஆயிற்றே. "உங்குளுக்கென்னங்க்கா, கம்பெனில இருந்தவிய" என்று என் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் செய்வதை எல்லாம் அப்படியே செய்வாள்.

நான் செய்ததில் ஒன்று எண்ணெய் விடுவது. ஓவர்லாக்கில் உட்காரும் முன் எண்ணெய் பார்க்காதவள் தையல்காரியே அல்ல. வீட்டிலிருந்து கொண்டுவந்த தையல் எண்ணெய்ப் புட்டி என் பெட்டியில் இருந்தது. துப்பாக்கி துடைக்கும் நேரத்தில் யாரும் பார்க்காமல் பிஸ்டனுக்கும் அது ஓடும் சிலிண்டருக்கும் நாலு சொட்டு விடுவேன், அவளுக்கும் விட்டுக் கொடுப்பேன். "கேஸ் போற எடத்துல எண்ணெ ஆகாது" என்று ஏட்டையா வகுப்பில் ஒருமுறை சொல்லியிருந்தார். இந்த மனுசன் ஒரு நாளாவது மெஷின் ஓட்டியிருப்பாரா என்று நினைத்தேன். எனக்கு வாய்த்த திமிர் அது. சோதிக்கும்போது அவர் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். அது பளபளவென்று இருக்கும். பிஸ்டனைக் கழற்றிப் பார்க்க மாட்டார்.

எப்போதும் சொட்டு விட்டதோடு மூடிவிடும் பிஸ்டனை மறுதேர்வுக்கு முந்தின நாள் மாலை கழற்றி பனியன் துணியால் துடைத்தேன். துணி ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. விட்ட எண்ணெயெல்லாம் சூட்டில் கருகி, தோசைக்கல் விளிம்பில் படிவதுபோலக் கரியாகப் பிடித்திருந்தது. இந்தப் பிசினில் மாட்டிக்கொண்டு பிஸ்டன் எப்படி ஓடும்? என் கையில் ஒரு குறையும் இல்லை. நானே என் துப்பாக்கியின் தொண்டையை அடைத்திருக்கிறேன்.

சுரண்டினேன். நகம் கிழியச் சுரண்டி, உலர்ந்த துணியால் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல் மாட்டினேன். அவள் பக்கத்தில்தான் குனிந்து தன் துப்பாக்கிக் குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள், நான் சுரண்டியதைக் கவனிக்கவில்லை. "அக்கா, புட்டி குடுங்க" என்று கை நீட்டினாள்.

கொடுத்தேன்.

சொல்ல வாயெடுத்தேன் என்பது உண்மை. ஆனால் அவள் வெகுளி. சொன்னால் நேரே ஏட்டையாவிடம் போய், அக்கா சொல்வது சரிதானா என்று கேட்பாள். வெளி எண்ணெயை அரசாங்கத் துப்பாக்கிக்குள் விட்டது நான் என்று தெரிந்தால் சுடுவதற்கு முன்பே என்னை மூட்டை கட்டச் சொல்வார்கள். அவளுக்கு வயது இருக்கிறது, அடுத்த வருடம் வரலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தவறிப்போனால் வீட்டில் கட்டிக்கொடுத்துவிடுவார்கள் என்று அவள் அழுததும் எனக்கு ஞாபகம் இருந்தது.

அவிநாசிபாளையத்துக்கு அந்தப் பக்கம் கல் எடுத்து முடிந்த ஒரு பாறைக்குழியில்தான் சுடுவோம். மறுநாள் காலை அவளுக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்தேன். எனக்குப் பத்துக் குண்டும் தடையில்லாமல் போயின. அவளுக்கு மூன்றாவதில் சிக்கியது. கையைத் தூக்கினாள். ஏட்டையா வந்து, பிஸ்டனுக்குப் போகும் வாயுவைக் கூட்டும் வளையத்தை இரண்டு பல் திருகிவிட்டார். இன்னும் இரண்டு போயின. மறுபடி சிக்கியது. கூட்டைப் பிடுங்க அவள் படும் பாடு என் காதில் கேட்டது. நான் தலையைத் திருப்பவில்லை.

அன்று மதியம் அவளுடைய அப்பா மொபெட்டில் வந்தார். நான் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை போனேன். அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டிருக்கையில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க எத்தன பாடுபட்டுச் சொல்லிக் குடுத்தீங்க. என்ற கைதானுங்க்கா சரியில்ல."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா புள்ள" என்றேன். "ஒனக்குக் கை கொஞ்சம் தளர்வுதான்."