நான் திருத்திக் கொடுத்த றகரம்

என் நிறத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் எனக்குப் பெண் பார்த்தபோது, கல்யாணத் தரகர் என்னைப் ‘பொதுநிறம்’ என்று சொல்லித்தான் தள்ளிவிடப் பார்த்தார். நேரில் பார்த்த பெண் வீட்டார், “உது எந்தப் பொதுசனத்தின்ர நிறம்?” என்று அவரிடம் கேட்டார்களாம். அப்படிப்பட்ட நான், தொண்ணூறுகளின் நடுவில் ரொறன்ரோவில், எங்கள் சுப்பர்வைசராக வந்த கானா நாட்டுப் பெண்ணைக் ‘கறுவல்’ என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். இரண்டு பேரும் கையுறையைக் கழற்றிக் கைகளைப் பக்கத்தில் வைத்தால், எது யாருடையது என்று மோதிரத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

கறுப்பின மக்களுக்கு எங்கள் ஆட்கள் வைத்திருந்த சொல் அது. வசவு என்று ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். “நிறத்தைத்தானே சொல்லுறம், அதில என்ன?” என்பார்கள். மனேஜருக்கும் ஒரு நிறம் இருந்தது. வெள்ளை. அவரை மட்டும் நாங்கள் ‘பெரியவர்’ என்றோம்.

ஸ்காபரோவில் ஒரு மஃபின் தொழிற்சாலை. மல்வேர்னிலிருந்து இரண்டு பஸ் பிடித்துப் போவேன். பொதி கட்டும் வரிசையில் பாதிப்பேர் தமிழர்கள். மிச்சம் பிலிப்பைன்ஸ், கயானா, போலந்து. அந்தக் கானாப் பெண் தன் ஊரில் கணக்கு ஆசிரியை. இங்கே வந்து நான்கு வருடம் தட்டுக் கழுவும் அறையில் நின்றவர். இடையில் இரண்டு தடவை சுப்பர்வைசர் இடம் காலியானது. இரண்டு தடவையும் அவரிடமே வேலை பழகிய ஆண்களுக்கு அது போனது. மூன்றாம் தடவை எங்கள் வரிசையை மேய்க்க வேறு யாரும் சம்மதிக்கவில்லை. அதனால் அவருக்குக் கொடுத்தார்கள், அதுவும் மூன்று மாதம் பரீட்சார்த்தமாக. “சரிவராவிட்டால் தட்டுகள் இருக்கவே இருக்கின்றன” என்று மனேஜர் எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

அதுவரை, சூடான அடுப்புப் பக்கம் நிற்பது எப்போதும் புதிதாக வந்தவர்களின் தலைவிதி. அந்தப் பெண் சுப்பர்வைசராக வந்த முதல் வாரமே அதை முறைவைத்து மாற்றினார். முறைப் பட்டியலில் தன்னையும் சேர்த்துக்கொண்டார். பழைய சுப்பர்வைசர் என் பெயரின் ஏழு எழுத்தில் முதல் எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் குப்பையில் போட்டிருந்தார். இவர் என்னைக் கூப்பிட்டு முழுப்பெயரையும் ஆங்கில எழுத்தில் எழுதித் தரச் சொன்னார். மூன்றாம் நாள் அதை இடறாமல் சொன்னார். என் மனைவிகூட அந்தப் பெயரைக் கோபம் வந்தால்தான் முழுதாகச் சொல்வாள்.

மதிய உணவுக்கு ஒவ்வொரு நாட்டுக்காரரும் ஒவ்வொரு மேசை. அவர் நாளுக்கொரு மேசையில் இருந்து சாப்பிடுவார். செவ்வாய்க்கிழமை எங்கள் மேசை.

“கறுவல் வருகுது, கதையை மாத்துங்கோ” என்று எச்சரிக்கை கொடுப்பது என் உத்தியோகம். கவனியுங்கள், ‘வாறா’ என்றுகூட இல்லை, ‘வருகுது’. எங்கள் பூனையும் பஸ்ஸும் அப்படித்தான் வரும்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவர் உட்கார்ந்ததுமே ஆங்கிலத்தில் கேட்டார்.

“நான் வரும்போதெல்லாம் ஒரு சொல் சொல்கிறீர்கள். அதற்கு என்ன அர்த்தம்?”

மேசை முழுவதும் என்னைப் பார்த்தது. பகிடிக்காரனுக்கு அதைவிடப் பெரிய மேடை கிடைக்காது. “தலைமை தாங்குகிற பெண்மணி என்று அர்த்தம். மரியாதையான சொல்” என்றேன்.

“எடேய், பாவமடா, வேண்டாம்” என்றான் பக்கத்தில் இருந்த கூட்டாளி.

“சும்மா இரு மச்சான். பகிடிக்குத்தானே.”

அவர் சொல்லிப் பார்த்தார். “கருவல்.”

அந்த இடத்திலாவது நான் வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. “அது பிழை. ‘ரு’ இல்லை, ‘று’. நாக்கை மேலே கொண்டுபோய் நன்றாக அதிரவிட வேண்டும்” என்று உச்சரிப்புத் திருத்தினேன். நாலாவது தடவையில் அவருக்கு றகரம் எங்கள் பண்டிதர்களுக்கு வருவதுபோல வந்தது. கூட்டாளி மேசையில் அடித்து அடித்துச் சிரித்தான். தன் நாக்கு படும் பாட்டுக்குத்தான் சிரிக்கிறோம் என்று நினைத்து அவரும் சேர்ந்து சிரித்தார்.

அடுத்த நாள் காலை வேலை தொடங்குமுன், “வணக்கம். நான் உங்கட கறுவல்” என்றார். அதற்குப் பிறகு தினமும் சொன்னார். தமிழர்கள் ஒவ்வொரு நாளும் சிரித்த முகத்தோடு வேலை தொடங்கினோம். அவர் அதைத் தன் வெற்றி என்று நினைத்தார்.

அந்தக் கோடையில் தொழிற்சாலை, வேலையாட்களின் குடும்பங்களை ஒரு சனிக்கிழமை அழைத்தது. அவருடைய மூன்று மாதம் முடிய நாலைந்து நாள்தான் இருந்தது. எல்லோரையும் அவரவர் மொழியில் மைக்கில் வரவேற்கப் போவதாக அவர் சொன்னபோது முதல் தடவையாக எனக்குச் சிரிப்பு வரவில்லை. லஞ்ச் ரூமில் பத்துப் பேர் சிரிப்பது வேறு. பெண்டாட்டி பிள்ளைகளோடு நூறு தமிழர், மனேஜர், அவருக்கும் மேலே உள்ளவர்கள் எல்லோருக்கும் முன்னால் அந்தச் சொல்லை அவர் தன் வாயால் சொல்லப் போகிறார்.

வெள்ளிக்கிழமை அவரைத் தட்டுக் கழுவும் அறைக்குப் பக்கத்தில் பிடித்தேன். “அந்தச் சொல்லை விட நல்ல சொல் ஒன்று இருக்கிறது. ‘தலைவி’ என்று சொல்லலாம்” என்றேன்.

“ஏன், மற்றது பிழையா?”

உண்மையைச் சொல்ல ஒரு மூச்சு போதும். “பிழை இல்லை. கொஞ்சம் பழைய சொல்” என்றேன்.

“எனக்குப் பழைய சொற்கள் பிடிக்கும். கஷ்டப்பட்டுப் பழகியது வேறு” என்று சிரித்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை அவர் பிலிப்பைன்ஸ்காரருக்கு ஒரு வணக்கம் சொன்னார், போலந்துக்காரருக்கு ஒன்று. பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

“வணக்கம். நான் உங்கட கறுவல். எல்லாரும் வாங்கோ.”

றகரம் அட்சரசுத்தம். பாதிப்பேர் சிரித்தார்கள். மிச்சப்பேர் நிலத்தைப் பார்த்தார்கள். என் மனைவி மட்டும் என்னைப் பார்த்தாள்.

“உங்கட வேலையோ?”

நான் வாய் திறக்குமுன், முன்வரிசையில் இருந்த ஏழு வயதுப் பெண்பிள்ளை ஒன்று ஆங்கிலத்தில் உரத்துக் கேட்டது. “அம்மா, அப்பா கறுப்பு ஆட்களுக்குச் சொல்கிற சொல்லை ஏன் அவர் தனக்கே சொல்கிறார்?”

கனடாவில் பிறந்த பிள்ளை, மொழிபெயர்ப்பில் ஒரு குறையும் இல்லை. மைக்கின் முன்னால் நின்றவருக்கு அது கேட்டது. கையிலிருந்த தாளைப் பார்த்தார். அதில் இன்னும் ஒரு மொழி மீதம் இருந்தது, அவருடையது. அதை அறிந்தவர் அந்தக் கூட்டத்தில் வேறு எவரும் இல்லை. அதையும் முதலிலிருந்து கடைசிவரை நிதானமாக வாசித்துவிட்டுத்தான் மைக்கை வைத்தார்.

திங்கட்கிழமை மனேஜர் என்னை அறைக்கு அழைத்தார். சுப்பர்வைசர் ஏற்கனவே அங்கே உட்கார்ந்திருந்தார்.

“உன் ஆட்கள் இவரைப் பார்த்துச் சிரித்தார்களே. இவரோடு வேலை செய்ய அவர்களுக்குப் பிரச்சினையா? இருந்தால் வெளிப்படையாகச் சொல். இவரைப் பழைய இடத்துக்கே மாற்றலாம்” என்றார் மனேஜர்.

அவருடைய நாலு வருடமும் மூன்று மாதமும் என் நாக்கு நுனியில் நின்றன. அந்த நாக்கு என்ன சொன்னது தெரியுமா? “ஒன்றும் இல்லை சேர். உச்சரிப்புப் பிழை. சொல் கொஞ்சம் மாறிவிட்டது.”

அவர் மனேஜரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

“என் உச்சரிப்புச் சரியாகத்தான் இருந்தது. நீங்கள்தானே திருத்தினீர்கள்?”

அதற்கு மேல் ஒளிய இடமில்லை. சொல்லையும், அதன் அர்த்தத்தையும், சொல்லிக் கொடுத்தவன் நான் என்பதையும் சொன்னேன். சொல்லும்போது பழக்கதோஷத்தில் ஒரு இளிப்பு வந்துவிட்டது. ஒருவரும் சேர்ந்து இளிக்காததால் அது என் முகத்திலேயே காய்ந்தது. மனேஜர் என்னை அன்றைக்கே அனுப்பிவிடலாம் என்றார்.

“வியாழக்கிழமை பெரிய மஃபின் ஓடர் ஒன்று கடைகளுக்குப் போகவேண்டும். என்னால் ஆளைக் குறைக்க முடியாது” என்றார் அவர். ஓடர் படிவத்தில் ஒரு வரியாக என்னைத் தூக்கி வைத்தார். மன்னித்ததாக ஒரு சொல் சொல்லவில்லை.

வெளியே வந்ததும், “எனக்கு மரியாதையான சொல் ஒன்று தந்ததாகச் சொன்னீர்கள். நீங்கள் இன்னும் தரவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் கொண்டு வாருங்கள்” என்றார்.

வியாழக்கிழமை ஓடர் நேரத்துக்கு முன்பே போனது. அன்று பின்னேரமே அவரை நிரந்தரமாக்கிவிட்டார்கள். எங்கள் மேசையில் அந்த வாரம் முழுக்கச் சொல் தேடினோம்.

“இங்கிலீசில மடம் எண்டு சொல்லுவம்.”

“தலைவி?”

“உது கட்சிக் கூட்டத்துக்குச் சரி. இஞ்ச மஃபினெல்லோ கட்டுறம்.”

“சும்மா அக்கா எண்டு கூப்பிடுங்கோவன். வாய் நோகுதோ?” என்றார் வரிசையிலேயே மூத்த அன்ரி. கனடாவில் காண்கிற தமிழ்ப் பெண்கள் எல்லோரையும் அக்கா, அன்ரி என்று கூப்பிடுகிற எங்களுக்கு, அந்தச் சொல் மூன்று மாதமாக அவர் பக்கம் போகவே இல்லை.

வெள்ளிக்கிழமை அவர் முன்னால் போய் நின்றேன். “அக்கா. மூத்த சகோதரி என்று அர்த்தம்” என்றேன்.

அவர் திருப்பிச் சொல்லிப் பார்க்கவில்லை. நேராக அன்ரியிடம் போய், “அக்கா என்றால் என்ன?” என்று கேட்டார். அன்ரி சொன்னார். அடுப்புப் பக்கம் நின்ற இன்னொரு தமிழ்ப் பெண்ணிடம் போய்க் கேட்டார். அவளும் அதையே சொன்னாள். கடைசியாக, அன்று மேசையில் அடித்துச் சிரித்த என் கூட்டாளியிடம் வந்தார். நான் பின்னால், வகுப்பில் எழுப்பிவிட்ட மாணவனைப்போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

“மூத்த சகோதரி” என்றான் அவன்.

“இவர் சொன்னாலும் அதேதான் அர்த்தமா?”

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். “இனிமேல் அதேதான். மாறினால் நானே வந்து உங்களிடம் சொல்கிறேன்” என்றான்.