பளபளத்த டயலில் காணாமல் போன கோடுகள்

நான் பாலிஷ் போட்ட ஒரு டயலால் ஒருவருடைய வேலை போகவிருந்தது. எழுபதுகளின் நடுவில் நடந்தது இது.

அப்போது திருவள்ளூரில் ஒரு சின்னப் பட்டறையில் பாலிஷிங் செக்‌ஷன் என் பொறுப்பு. இரும்பைச் சுழற்றிக் கடையும் லேத் மெஷினின் கைப்பிடிச் சக்கரத்தோடு சுழலும் டயல்களைச் செய்தோம். டயல் என்றால் ஓர் எஃகு வளையம். சுற்றிலும் அளவுக் கோடுகள் வெட்டியிருக்கும். வெட்டும் டூலை எவ்வளவு உள்ளே தள்ளுவது என்பதை லேத்தை ஓட்டும் டர்னர் அந்தக் கோடுகளைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். முகம் தெரியும் அளவுக்கு அதைப் பளபளப்பாக்குவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியிலிருந்து புகார் வந்தது. எங்கள் டயல் மாட்டிய லேத்தில் கடையும் ஷாஃப்டுகள், அதாவது இரும்புத் தண்டுகள், அளவு குறைந்து ரிஜெக்ட் ஆகின்றனவாம்.

"கோடு கரெக்டா இருக்குதுன்னு காட்டிட்டு வந்துடுப்பா" என்று முதலாளி என்னை அனுப்பினார்.

எங்கள் பக்கத்து ஆரணி வழியாக இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்வதற்குள் மதியமாகிவிட்டது. கோடுகளைச் சோதித்தேன். ஒன்றுகூடப் பிசகவில்லை.

ஃபோர்மேன் அங்கே நின்ற டர்னர் முனிரத்தினத்தைக் காட்டினார். "அப்போ தப்பு இவரு மேலதான். தூங்கிகினே ஓட்றாரு. வேற ஆளைப் போடச் சொல்லி மேனேஜருகிட்ட சொல்லிட்றேன்."

முனிரத்தினத்துக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். குனிந்து ஷாஃப்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

நான் வந்த வேலை முடிந்தது, கிளம்பியிருக்கலாம். ஆனால் ரிஜெக்ட் ஆன ஷாஃப்டுகளின் மேல் சாக்பீஸால் நேரம் எழுதியிருந்தார்கள். எல்லாமே காலை எட்டுக்கும் பத்துக்கும் இடையில் செய்தவை. அதே ஆள், அதே டயல். காலையில் மட்டும் ஏன்?

டீக்கடையில் அவரைத் தனியாகக் கேட்டேன். "அண்ணே, காலையில இன்னா ஆவுது?"

தயங்கித்தான் சொன்னார். "கோடு தெர்ல நைனா. வெள்ளையா பூடுது. கண்ணு பூட்ச்சுன்னு நெனச்சிக்கினேன். வெளிய சொன்னா வேலைல வெச்சிக்குவாங்களா?"

ஃபோர்மேனிடம் ஒருநாள் பொறுக்கச் சொல்லிவிட்டு, மீஞ்சூரில் உறவினர் வீட்டில் தங்கினேன். மறுநாள் எட்டு மணிக்கு முனிரத்தினம் நிற்கும் இடத்தில் நின்று பார்த்தேன். லேத்துக்கு எதிரே கிழக்கு ஜன்னல். டயலைக் குனிந்து பார்த்தால் டயல் தெரியவில்லை, ஜன்னல்தான் தெரிந்தது! வளையத்தின் மேல் ஒரு வெள்ளைப் பட்டை. படிக்க வேண்டிய கோடுகள் அதற்குள் கரைந்து கிடந்தன. அவர் கண்ணில் கோளாறில்லை. என் பாலிஷில்தான் கோளாறு.

சொல்லாமல் போய்விடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பிறகு எமரி பேப்பர் என்ற உப்புத்தாளை எடுத்து டயலைத் தேய்க்க ஆரம்பித்தேன்.

"யோவ், இன்னாய்யா பண்ற? புது டயலு அது!" என்று ஃபோர்மேன் ஓடிவந்தார்.

"நான் போட்ட பளபளப்புதான் சார். நானே எடுக்கிறேன்."

வளையம் மங்கியது. வெள்ளைப் பட்டை மறைந்து, கோடுகள் கறுப்பாக எழுந்து நின்றன. முனிரத்தினம் குனிந்து, "நாப்பத்திரெண்டு... நாப்பத்திமூணு..." என்று உரக்கப் படித்தார். அன்று காலை அவர் செய்த ஷாஃப்டுகளில் ஒன்றுகூட ரிஜெக்ட் ஆகவில்லை. ஃபோர்மேன் மேனேஜரிடம் போகவுமில்லை.

திரும்பி வந்து, இனி எல்லா டயலையும் மங்கலாகவே செய்யலாம் என்றபோது எங்கள் முதலாளிக்குத்தான் மனசே வரவில்லை. "மங்கலா இருந்தா எவன்பா வாங்குவான்?" என்றார். பளபளப்பான டயல் ஒன்றை வாசல் வெயிலில் அவர் கையில் கொடுத்து, படிக்கச் சொன்னேன். அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். படிக்க முடியவில்லை. "சரி, எல்லாத்தையும் தேய்ச்சிடு" என்று உள்ளே போய்விட்டார்.

சொரசொரப்பான பரப்பு, தன்மேல் விழும் வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சிதறவிடும். எங்கிருந்து பார்த்தாலும் அது நம் கண்ணுக்குத் தெரிவது அதனால்தான். பளபளப்பான பரப்போ வெளிச்சத்தை ஒரே பக்கமாகத் திருப்பியனுப்பும். தன்னைக் காட்டாமல் எதிரே இருப்பதைக் காட்டும். இதைப் புத்தகத்தில் நீங்கள் படித்திருப்பீர்கள். நான் சொல்ல விரும்புவது வேறு. ஒரு தொழிலாளி அளவைத் தப்பாகப் படித்தார் என்று யாராவது சொன்னால், அவர் நின்ற இடத்தில், அதே நேரத்தில், நீங்களும் ஒருமுறை நின்று பாருங்கள்.