புது மோட்டாரில் உப்பு

எங்கள் மீனவர் சங்கத்துக்கு இன்று வந்திறங்கிய புதுப் படகு மோட்டார், பழைய மோட்டார்.

"பெயின்ட் வாசனைகூடப் போகல. புதுசுன்னு எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்க" என்றார் செயலாளர். போட்டுவிட்டால், நடு ஆற்றில் அது நின்றாலும் நாங்கள்தான் பொறுப்பு.

பரிசல் ஓட்டும் மாரப்பண்ணன், திருகாணி ஓரத்தில் இருந்த வெள்ளைப் பொடியைத் தொட்டு நாக்கில் வைத்தார்.

"கரிக்குதுங்க."

"அது தூசிப்பா."

"தூசி கரிக்காதுங்களே. கடல்ல ஓடிட்டுத்தான் ஒகேனக்கல் வந்திருக்குது."

நானும் நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்புதான்.

"வாங்கின பில்லைக் காட்டுங்க, கையெழுத்துப் போடறோம்" என்றேன்.

செயலாளர் எல்லாருக்கும் டீ சொன்னார்.

டீயைக் குடித்துவிட்டு மறுபடியும் கேட்டேன்: "பில்லு எங்கேங்க?"