தண்ணி சேராத கை

காரைதீவுச் சந்தியில் மேற்கே திரும்பியபோதும் என் வலது கையில் மையவாடி மண் ஒட்டியிருந்தது. கடற்கரை மண் காய்ந்தால் தானாகக் கொட்டிவிடும். வியர்வையில் அது கொட்டவில்லை, நானும் தட்டிவிடவில்லை. எங்கள் ஊர் சாய்ந்தமருதிலிருந்து நடந்தே வந்திருந்தேன். சம்மாந்துறை பஸ் ஒன்று என்னைத் தாண்டிப் போனது. நான் மறிக்கவில்லை.

அன்று பகல்தான் அந்த மையவாடியில் உம்மாவை அடக்கினோம். அடக்கினோம் என்று எழுதுகிறேன், அடக்கியவர்கள் மற்றவர்கள். நான் அவருடைய ஒரே மகன். எங்கள் ஊரில் இறந்த ஒரு பெண்ணின் மையித்தைக் கபுறுக் குழிக்குள் இறங்கி வாங்கி வைப்பது அவளுடைய மகன், கூடப்பிறந்தவன் போன்ற நெருங்கிய ஆண்கள்தான். நானும் இறங்கினேன். பிறகு ஏறச் சொன்னார்கள். ஏறிவிட்டேன். காரணம் என் கைகள்.

இரண்டு கைகளிலும் மணிக்கட்டிலிருந்து தோள் வரைக்கும், அங்கிருந்து நெஞ்சிலும் முதுகில் பாதியிலும் பச்சை குத்தியிருக்கிறேன். எங்கள் ஆட்களிடம் இது கிடையாது. பாண்டிருப்பு, திருக்கோவில் பக்கம் வயல் செய்கிற தமிழ்க் குடும்பங்களில் வயதான பெண்களின் முன்கையில் சில புள்ளிகள் கண்டிருக்கிறேன், அவ்வளவுதான். முஸ்லிம் ஊர்களில் இது ஹராம் என்று குர்ஆன் ஓதப் போகிற பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரிந்துதான் இருந்தது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டாலும் ஓதுகிற பள்ளியை முடித்தவன் நான்.

முதல் பச்சை சாகாமத்தில். குளத்துக்குக் கீழே நெல் வேளாண்மை வெட்டப் போயிருந்தேன். மீசை அரும்பியிருந்த வயது. குறவர்கள் குளக்கட்டின் அடியில் ஓலைக் குடில் போட்டிருந்தார்கள். ஆண்கள் பாம்புக் கூடையோடு ஊருக்குள் போனபிறகு பெண்கள் கைரேகை பார்த்தார்கள், கேட்டவர்களுக்குப் பச்சை குத்தினார்கள். நான் போய் நின்ற குறத்தி என் கையைப் பிடித்து, தோலைக் கிள்ளி, பெருவிரலால் இழுத்துப் பார்த்துவிட்டு, "வேர்க்குரு கிடக்கு. காஞ்ச பிறகு வா" என்று அனுப்பிவிட்டாள். காய்ந்தபிறகு போனேன்.

"என்ன குத்திற?"

"தேள்."

"அசையாம இரு. அசைஞ்சா தேள் நண்டாப் போயிரும்."

அசைந்துவிட்டேன். ஒரு கொடுக்கு வீங்கினாற்போல் அகன்றுவிட்டது. அவள் கவலைப்படவில்லை. "கடக்கரைப் பொடியன்தானே, நண்டெண்டாலும் பிழையில்ல" என்று இரத்தத்தைத் துணியால் ஒற்றினாள்.

அதன்பிறகு எத்தனையோ கைகளிடம் போயிருக்கிறேன். அவளைப்போல ஒரு கை அமையவில்லை. அவளிடம் படித்த முதல் பாடம் அதுதான்: வந்தவனைத் திருப்பி அனுப்பத் தெரிந்தவரிடம் குத்தலாம். எந்தத் தோலையும் எந்த நேரத்திலும் ஏற்றுக்கொள்கிறவனிடம் போகக் கூடாது.

மற்றவற்றை அலைந்துதான் தெரிந்துகொண்டேன். நான் படத்துக்காகப் போனவன் அல்ல, கைக்காகப் போனவன். கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியபோது பச்சை குத்திய எவரைக் கண்டாலும், "இது யார் செய்த வேலை, எப்போது?" என்று கேட்பேன். புதுப் பச்சையை வைத்து ஒருவனை மதிப்பிட முடியாது. புதுச் சாயம் அடித்த தோணி எல்லாமே அழகுதான். பழைய வேலையைப் பார்க்க வேண்டும். கோடு தோலுக்குள் கசிந்து பரவியிருந்தால் ஊசி ஆழம் போயிருக்கிறது. அங்கங்கே விட்டுப்போயிருந்தால் பயந்த கை. அதுவும் தெரியாவிட்டால் குத்துகிறவனின் தொடையைக் காட்டச் சொல்ல வேண்டும். எல்லாரும் முதலில் தங்கள் தொடையில்தான் பழகுகிறார்கள். காட்ட மறுத்தால் எழுந்து வந்துவிடலாம். ஊசி தோலில் இருக்கும்போது கதை சொல்கிறவனிடமிருந்தும் எழுந்துவிட வேண்டும். ஊசியை என் கண் முன்னால் அவிக்காதவனிடம் புத்தளத்தில் ஒருமுறை கப்பல் குத்தக் கையைக் கொடுத்தேன். கை தொடைபோல வீங்கி, மீன்வாடியில் காய்ச்சலோடு கிடந்தேன். அந்தக் கப்பலுக்கு இன்று பாய்மரம் இல்லை. சீழோடு போய்விட்டது.

எழுத்து விஷயத்தில்தான் ஏமாந்தேன். கொழும்பில் எனக்குக் கிடைத்த நல்ல கை ஒரு சிங்கள மனிதருடையது. கப்பலில் வேலை செய்து ஓய்ந்தவர். கோடு மயிர்போல விழும். இடது முன்கையில் உம்மா என்று குத்தித் தரச் சொல்லி, சிகரெட் பெட்டி அட்டையில் எழுதிக் கொடுத்தேன். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. பார்த்து அப்படியே வரைந்தார், ஒன்றைத் தவிர. முதல் மகரத்தின் மேலிருந்த புள்ளியை அட்டையில் இருந்த அழுக்கு என்று நினைத்துவிட்டார். துடைத்தபிறகு பார்த்தால் கையில் உமமா என்று இருந்தது. புள்ளி வைக்கச் சொன்னேன். தோல் வீங்கியிருக்கிறது, காயட்டும் என்றார். சரியான பேச்சு. ஆனால் காய்வதற்குள் நகரத்தில் தமிழ் பேசுகிறவர்களைப் பிடிக்கிற ஆமிச் சுற்றிவளைப்புத் தொடங்கி, நான் அங்கிருந்து கிளம்ப வேண்டியதாயிற்று. திரும்பப் போனபோது அவர் இல்லை. வேறு கையை வைத்து அந்தப் புள்ளியை இட நான் விரும்பவில்லை. ஒரு சொல்லில் இரண்டு கை பட்டால் மை வேறாகத் தெரியும்.

அந்தக் கையோடு ஒருமுறை வீட்டுக்குப் போனேன். உம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. தங்கச்சிதான் எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"காக்கா, இது உம்மா இல்ல. உமமா!"

"உமமாவா?" என்றார் உம்மா. "ஊரெல்லாம் சுத்திப்போட்டு வந்து எனக்கு ஒரு புள்ளியக்கூட ஒழுங்காக் கொண்டந்து தரல்லியே மனே."

பிறகு சட்டையைக் கழற்றச் சொல்லி எல்லாவற்றையும் பார்த்தார். தொடவில்லை. "இந்தப் படங்களோட நீ என்ர கபுறுக்குள்ள இறங்கினயெண்டா, என்னக் கேள்வி கேக்க வாற மலக்குமார் உன்ர தேளப் பாத்திட்டுத் திரும்பிப் போயிருவாங்க."

கபுறில் கேள்வி கேட்க வருகிற வானவர்கள் தேளுக்குப் பயந்து ஓடுவதை நினைத்துத் தங்கச்சி விழுந்து விழுந்து சிரித்தாள். உம்மா சிரிக்கவில்லை. "அது கிடக்கட்டும். எண்டாலும் நீதான் என்ன வைக்கோணும். மத்தவன்ட கையில விட்டிராத" என்றார்.

அந்த ஊரில் எனக்கென்று மிச்சமிருந்த வேலை அது ஒன்றுதான்.

செய்தி கிடைத்தபோது பொத்துவில் பக்கம் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தேன். மீன் ஏற்ற வந்த எங்கள் ஊர் லொறிக்காரர் சொன்னார். அவருடைய ஐஸ் பெட்டிகளின் மேல் உட்கார்ந்தே வந்துசேர்ந்தேன். உம்மாவைக் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றி வைத்திருந்தார்கள். தங்கச்சி முகத்தைத் திறந்து காட்டினாள். நீளக் கைச் சட்டை போட்டிருந்தேன், பொத்தான்களைப் பூட்டியிருந்தேன். உம்மாவைத் தூக்கிப்போன சந்தூக்குக்குத் தோள் கொடுத்தபோதும் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

பள்ளிவாசலில், தொழுகைக்கு முன் கைகால் கழுவும் வுளூவுக்காக ஹவுள் தொட்டியின் ஓரத்தில் குந்தினேன். வுளூவுக்கு முழங்கை வரைக்கும் கழுவ வேண்டும். சட்டையை மடிக்காமல் கழுவ முடியாது. மடித்தேன்.

பக்கத்தில் கால் கழுவிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் அப்படியே நிறுத்திவிட்டார். "இது என்ன வாப்பா?"

"பச்சை."

"பொம்பிளையள் நகத்துக்குச் சாயம் பூசினாலே வுளூ கூடாது. நீ முழங்கை வரைக்கும் பூசி வெச்சிரிக்காய். இந்தக் கையில தோலுக்குத் தண்ணி சேராதே!"

"பூசினது இல்ல, குத்தினது" என்றேன்.

"தண்ணி சேந்தா இவ்வளவு நாளும் அழிஞ்சிரிக்கும்தானே?" என்றான் அந்தப் பக்கம் இருந்த ஒருவன். இரண்டு மூன்று பேர் சிரித்து, மையித்து வீட்டு நினைவு வந்து அடக்கிக்கொண்டார்கள்.

அந்தப் பேச்சு பள்ளிக்குள் போய்விட்டது. வுளூ இல்லையென்றால் தொழுகை இல்லை, தொழாதவன் எப்படிக் கபுறுக்குள் இறங்குவது என்று ஆளுக்கு ஆள் கதைத்தார்கள். தொழுகை நடத்துகிற லெவ்வை வெளியே வந்து என் கையை ஒருமுறை பார்த்தார்.

"இது மேல்பூச்சு இல்ல. தோலுக்குக் கீழ கிடக்கு. குத்தினது பாவம். அது அவருக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில உள்ள கதை. தண்ணி சேரும். தொழலாம், இறங்கலாம். அவர்தானே புள்ள."

லெவ்வையோடு யாரும் வாதாடவில்லை. வாதாடியிருந்தால் நல்லது, அவர் வென்றிருப்பார். சரி சரி என்று தலையாட்டிவிட்டுத் தொழுகைக்கு நின்றார்கள். தோளோடு தோள் முட்ட நிற்கிற வரிசையில் எனக்கு இரண்டு பக்கமும் ஓர் ஆள் நிற்கக்கூடிய இடம் இருந்தது.

மையவாடி கடலை ஒட்டியது. அங்கே கபுறு வெட்டினால் நிற்காது, பக்க மணல் சரிந்துகொண்டேயிருக்கும். உம்மாவின் கூடப்பிறந்த மாமா முதலில் இறங்கினார், பிறகு தங்கச்சியின் புருஷனான மச்சான். நான் தலைமாட்டில் இறங்கினேன். மேலே புடவையை விரித்துப் பிடித்து மையித்தைச் சந்தூக்கிலிருந்து எடுத்தார்கள். நான் கைகளை ஏந்தினேன். சட்டைக் கைகள் வுளூவில் நனைந்து தோலோடு ஒட்டி, உள்ளே இருந்ததெல்லாம் வெளியே தெரிந்தது.

மச்சான் குனிந்து எனக்கு மட்டும் கேட்கிறாற்போல் சொன்னார். "மச்சான், கோவிக்காதீங்க. ஏறுங்க."

"லெவ்வை சொல்லிட்டார்தானே?"

"லெவ்வை சொல்லுவார். நீங்க நாளைக்குப் போயிருவீங்க. நான் இந்த ஊருல இரிக்கிறவன். மகளுக்கு மாப்பிள கேட்டு வாறவன் இதத்தான் கதைப்பான், மாமிய எந்தக் கையால வெச்ச எண்டு."

மாமாவைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஏறு மனே" என்றார். "உம்மாவப் புடிச்சிக்கிட்டு நிக்கிறாங்க."

மேலே பார்த்தேன். நான்கு பேர் உம்மாவைக் கையில் தாங்கியபடி நின்றார்கள். அவர்களுடைய கால்களுக்குக் கீழிருந்து மணல் என் தோளில் கொட்டிக்கொண்டிருந்தது. நான் வாய் திறந்தால் சண்டை வரும். சண்டை முடியும்வரை உம்மா அப்படியே அவர்கள் கையில் கிடக்க வேண்டும். ஏறினேன். நான் காலை எடுத்த இடத்தில் மச்சானின் கூட்டாளி ஒருவன் குதித்தான். மருதமுனையில் இருவரும் ஒரே இடத்தில் தறி நெய்கிறவர்கள். உம்மாவுக்கு அவன் எந்த வகையிலும் சொந்தம் இல்லை. கையில் மட்டும் ஒரு பச்சையும் இல்லை. உம்மாவின் தலைப்பக்கத்தை அவன்தான் வாங்கினான், கபன் முடிச்சை அவிழ்த்ததும் அவன்தான்.

பலகை அடுக்கியபிறகு எல்லாரையும்போல நானும் மூன்று பிடி மண் அள்ளிப் போட்டேன். அதற்கு யாரும் கையைப் பார்க்கவில்லை. மையவாடி வாசலிலிருந்து வீட்டுப் பக்கம் திரும்பாமல் தெற்கே நடந்தேன்.

மாவடிப்பள்ளிப் பாலத்தடியில் ஆமியின் சென்றிக் காவல் இருந்தது. அடையாள அட்டையைக் கொடுத்தபோது மணிக்கட்டில் மை தெரிந்ததைக் காவலுக்கு நின்ற இளம் ஆமிக்காரன் கண்டுவிட்டான். சட்டையை மடிக்கச் சொன்னான். துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு என் கையைப் பிடித்தான். அட்டையில் முஸ்லிம் பெயர், கையில் தேளும் கப்பலும். என்னைக் கொண்டுபோகப் போகிறான் என்று நினைத்தேன்.

"யார் குத்தினது?" என்று சிங்களத்தில் கேட்டான். குரல் மாறியிருந்தது. அவனும் ஒன்று குத்திக்கொள்ள நினைத்திருக்கிறான். முகாமில் ஒருவன் குத்துகிறானாம், நம்பலாமா?

எனக்குத் தெரிந்த அரைச் சிங்களத்தில், "அவனுடைய தொடையைப் பார். பழைய வேலையைப் பார். ஊசியை உன் முன்னால் அவிக்கச் சொல்" என்றேன்.

"பெண்ணின் பெயர் குத்தலாமா?"

"குத்துகிறவனுக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரிந்தால் குத்தலாம்."

அவன் சிரித்துக்கொண்டே தேளைச் சரியாகப் பார்க்க வேண்டும் என்று என் வலது கையை வெயிலில் திருப்பி, ஒட்டியிருந்த மண்ணைத் தன் உள்ளங்கையால் துடைத்துவிட்டான். நன்றாகத் துடைத்தான், விரல் இடுக்குகளிலும். அது எந்த மண் என்று அவனுக்குத் தெரியாது. அந்த நாளில் என் கையைத் தொட்ட ஒரே ஆள் அவன்தான்.

பிறகு இடது கையைப் பார்த்து, "இது என்ன எழுத்து?" என்றான்.

"அம்மா."

"இருக்கிறாரா?"

"ஊரில்தான்" என்றேன்.

அட்டையைத் திருப்பித் தந்தான். சம்மாந்துறைக்குப் போய்ச் சேர்ந்து, ஒரு நெல் ஆலையின் வெளிக் கொட்டகையில் உமி மூட்டைகளுக்குப் பக்கத்தில் படுத்தேன். காலையில் ஆலைக்காரர் வந்து எழுப்பினார். நெல் ஊறப்போடும் தொட்டியில் வேலைக்கு ஆள் வரவில்லை என்றார். என்ன வேலை தெரியும் என்று கேட்கவில்லை.

"சட்டையக் கழட்டிப்போட்டு இறங்கோணும். ஏலுமா?"

"ஓம்."

கழற்றினேன். அவர் இரண்டு அடி பின்னால் போய் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இது தண்ணியில கரையுமா? நெல்லுல இறங்கினா அரிசி பச்சையாப் போயிரும். சனம் வாங்காது."

"கரையாது."

"பகல் முழுக்க ஊறினாலும்?"

"ஊறினாலும்."

கொஞ்சம் யோசித்தார். தொட்டியில் நெல் ஊறிப் புளித்த வாடை அடித்தது.

"அப்ப இறங்கு" என்றார்.

இறங்கினேன்.